சபினோவின் புது நுரையீரல்

சபினோ கோல்கேயின் நுரையீரல் நூற்றுக்கு முப்பத்தொன்று. இது மருத்துவர் சொன்னதல்ல, அலுவலகம் சொன்னது. வருஷத்துக்கு ஒரு தடவை அலுவலகத்துக்குப் போய், அங்கே மேஜைமேல் இருக்கும் வெள்ளைப் பெட்டியின் குழாயை வாயில் வைத்து, உயிர் போகிற மாதிரி ஊத வேண்டும். பெட்டி ஓர் எண்ணைத் துப்பும். நாற்பதுக்குக் கீழே துப்பினால் ஊதியவன் நோயாளி. வாரம் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் வீடு தேடி வரும். நாற்பதோ அதற்கு மேலோ துப்பினால் அவன் சோம்பேறி, வீட்டுக்குப் போகலாம்.

அலுவலகத்தின் முழுப்பெயர் ‘சுரங்கத் தொழிலாளர் மூச்சுத்திறன் மதிப்பீடு மற்றும் மறுமதிப்பீட்டுத் தலைமை அலுவலகம்’. இந்தப் பெயரை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தவன் நோயாளியே இல்லை என்பது சபினோ குடியிருக்கும் மேட்டுத் தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

சபினோ பதினாறு வயதில் வெள்ளீயச் சுரங்கத்துக்குள் போனவர். முப்பது வருஷம் பாறையில் துளை போட்டார். தூளில் பாதி வெளியே வந்தது, மீதி இவருக்குள் போனது. சுரங்கத்தை மூடிய அன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் இயந்திரம், தண்டவாளம், கதவு, கதவின் கீல் வரைக்கும் ஒன்று விடாமல் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். சபினோவுக்குள் இருந்த சுரங்கத்தை மட்டும் அவரிடமே விட்டுவிட்டார்கள்.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் அர்ஜென்டினாவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். நல்ல நுரையீரல்காரனுக்கே காற்று பத்தாத உயரத்தில், ஒரு கட்டில், ஒரு ரேடியோ, பசியும் களைப்பும் தெரியாமல் இருக்க மெல்லும் கோகா இலை ஒரு பை, ஒரு சிலிண்டர் என்று அவர் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. சிலிண்டரின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டால் தூங்கலாம். மாட்டாவிட்டால் உட்கார்ந்துகொண்டே விடிவதைப் பார்க்கலாம்.

அவர் யாரையும் நம்ப மாட்டார். மந்திரி, பாதிரியார், வானிலை அறிக்கை யாரும் விதிவிலக்கு இல்லை. கொஞ்சமாவது நம்பியது அனாக்லேத்தோவை மட்டும்தான். அனாக்லேத்தோ தெருக்கோடியில் ரொட்டி அடுப்பு வைத்திருப்பவன்; ஐம்பது வயது, பீப்பாய் மாதிரி மார்பு. ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் எல்லாவற்றிலும் பெரிய பித்தளைக் குழலான டியூபாவை இருபத்தைந்து வருஷமாக ஊதுகிறவன். அவனுடைய மூத்த மகளுக்கு சபினோ ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. இங்கே கொம்பாத்ரே என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். கூடப்பிறந்தவனை நாம் தேர்ந்தெடுப்பதில்லை அல்லவா.

அப்புறம் கொரோனா வந்தது.

முதலில் இருமல் குற்றமானது. ரொட்டி வரிசையில் நின்ற சபினோ இருமியதும் முன்னால் ஆறு பேர், பின்னால் ஒன்பது பேர் காணாமல் போனார்கள். ரொட்டி சீக்கிரம் கிடைத்தது என்று அவர் சந்தோஷப்படுவதற்குள் ஒரு போலீஸ்காரர் கம்போடு வந்து நின்றார்.

“பெரியவரே, இது பழைய இருமலா, புது இருமலா?”

“முப்பது வருஷத்து இருமல் தம்பி. உன்னைவிட வயசுல மூத்தது.”

“அதுக்குக் காகிதம் வச்சிருக்கீங்களா?”

மறுவாரமே அலுவலகம் ‘பழைய இருமல் சான்றிதழ்’ ஒன்றை அறிமுகம் செய்தது. அதை வாங்க அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். அலுவலக வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது: ‘இருமல் உள்ளவர்கள் உள்ளே வர அனுமதி இல்லை.’ மேட்டுத் தெருவின் நாற்பத்து மூன்று நோயாளிகளில் ஒருவர்கூட அந்தச் சான்றிதழை வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது: விண்ணப்பம் எதுவும் வராததால், சான்றிதழுக்குத் தேவை இல்லை என்று தெரிகிறது.

இதெல்லாம் சும்மா. உண்மையான சுற்றறிக்கை ஜூன் மாதத்தில்தான் வந்தது. சபினோவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அலுவலகத்து எழுத்தைக் கூட்டினால் ஒன்றும் சேராது. அனாக்லேத்தோ ஜன்னலுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டு, வாசித்துக் காட்டினான்.

“சுற்றறிக்கை எண் பதினாலு. ஒண்ணு: ஆக்ஸிஜன் வாங்குற எல்லாரும் இந்த மாசக் கடைசிக்குள்ள மறுபடி ஊதியே ஆகணும். ஊதாதவங்களுக்கு சிலிண்டர் கிடையாது.”

“சரி, போய் ஊதறேன்.”

“இருங்க. ரெண்டு: அறுபத்தஞ்சு வயசு தாண்டினவங்க வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது.”

“அப்ப எப்படி ஊதறது? இங்கேருந்தே ஊதினா அங்க கேக்குமா?”

“மூணு: அதனால நோயாளி தன் சார்பா ஊத ஒரு பிரதிநிதியை, பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நியமிச்சுக்கலாம். நாலு: பிரதிநிதி செய்யிற ஒவ்வொரு செயலும் நோயாளியே செஞ்சதா எடுத்துக்கப்படும். அஞ்சு: தொற்றுப் பரவாம இருக்க, பிரதிநிதிக்கு நுரையீரல் நோய் எதுவும் இல்லைன்னு மருத்துவச் சான்று வேணும்.”

சபினோ கோகா இலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

“மறுபடி சொல்லு. என் நுரையீரல் கெட்டுப்போச்சுன்னு காட்டுறதுக்கு, நுரையீரல் நல்லா இருக்கிறவனை அனுப்பணும். அப்படித்தானே?”

“அப்படித்தான் போட்டிருக்கு, கொம்பாத்ரே.”

“இதை எழுதினவன் படிச்சவனா?”

“ரொம்பப் படிச்சவன். கீழ மூணு முத்திரை குத்தியிருக்கு.”

அலுவலகத்து வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் கிழவர் பத்திரம் அடித்துக் கொடுத்தார். ‘சபினோ கோல்கே என்னும் நான், எனது மூச்சை உள்ளிழுக்கவும், வெளிவிடவும், தேவைப்பட்டால் பிடித்து வைக்கவும், அனாக்லேத்தோவுக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்.’ எல்லாவற்றையும் மஞ்சள் கோப்பில் வைக்க வேண்டும். வேறு நிறக் கோப்பை அலுவலகம் தொடாது. அந்த வாரம் ஊரில் ரொட்டி கிடைத்தது, மாவு கிடைத்தது, மஞ்சள் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. அனாக்லேத்தோ ஒரு பச்சைக் கோப்புக்கு அடுப்படியில் மஞ்சள் பெயின்ட் அடித்தான்.

புறப்படும் முன் சபினோ ஜன்னல் வழியாகப் பாடம் நடத்தினார்.

“மெதுவா ஊது. சூப்பை ஆத்துற மாதிரி. நடுவுல ஒரு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கோ. முப்பத்தொண்ணுக்கு மேல போச்சு, உன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன் இல்லை.”

“சூப்பு ஆத்துறதை எனக்குச் சொல்லித்தரணுமா? விடுங்க கொம்பாத்ரே.”

மதியம் திரும்பி வந்தவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வரவில்லை. இரண்டு மீட்டருக்குப் பதில் ஆறு மீட்டர் தள்ளி நின்றான். கையில் ஒரு பெரிய இனிப்பு ரொட்டி. அவன் காசில்லாமல் ரொட்டி கொண்டுவந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

“எவ்வளவு?” என்றார் சபினோ.

“சூடா இருக்கு, முதல்ல சாப்பிடுங்க.”

“எவ்வளவுன்னு கேட்டேன்.”

“நூத்திப் பதினெட்டு.”

சபினோ குழாயை மூக்கில் சரியாக மாட்டிக்கொண்டார். 

“நூத்துக்கு நூத்திப் பதினெட்டா?”

“நீங்க சொன்ன மாதிரிதான் ஊதினேன், சத்தியமா! முதல் தடவை முப்பதுதான் காட்டுச்சு. அந்த எழுத்தர் இருக்கானே, ரொலாந்தோ, அவன் என் மருத்துவச் சான்றைப் பாத்தான், பெட்டியைப் பாத்தான். ‘உங்க நுரையீரல் நல்லா இருக்குன்னு காகிதம் சொல்லுது, பெட்டி இல்லைங்குது. காகிதம் பொய்யா இருந்தா மோசடி. பெட்டி பொய் சொல்லாது, அதனால உங்களுக்குக் கொரோனாவா இருக்கலாம். பள்ளிக்கூடத்துல பதினாலு நாள் அடைச்சு வைக்கணும்’னான். எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சா ஏழு வயிறு காயும். சரி, கொஞ்சம் கூட்டி ஊதுவோம்னு அறுபது ஊதினேன்.”

“அறுபதோட நிறுத்தியிருக்கலாமே.”

“நிறுத்தத்தான் போனேன்.” அனாக்லேத்தோ ரொட்டியைப் பிய்த்தான். “அவன் சொன்னான், ‘ஓ, நீங்க பாண்டுல டியூபா ஊதுறவரா? பக்கத்து ஊர்க்காரங்க கல்யாணத்துக்கு வந்தப்ப கேட்டேன், அவங்க டியூபாக்காரர் இதைவிட நல்லா ஊதுவார்’ அப்படின்னான். கொம்பாத்ரே, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க. ‘வாழ்த்துகள், தோன் சபினோ, நீங்க குணமாயிட்டீங்க’ன்னு ரொலாந்தோ மரியாதையா என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டான்.”

“பக்கத்து ஊர்க்காரன்,” என்றார் சபினோ, “உன்னைவிட நல்லா ஊதவே மாட்டான்.”

“அதானே!”

“அதனால நான் சாகப்போறேன்.”

திங்கட்கிழமை சிலிண்டர் வண்டி வந்தது. புது சிலிண்டர் இறக்க வரவில்லை, பழையதை ஏற்றிக்கொண்டு போக வந்தது. வண்டிக்காரர் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அதில் தங்க நிற ஓரம், நடுவில் ஒரு புறா. ‘பூரண குணமடைந்த திரு. சபினோ கோல்கே அவர்களுக்கு’ என்று ஆரம்பித்தது. மேட்டுத் தெருவில் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் அதே கடிதம். நாற்பத்து மூன்று பிரதிநிதிகளும் நல்ல நுரையீரல்காரர்கள். நாற்பத்து மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நன்றாகவே ஊதியிருந்தார்கள்.

“உங்க சிலிண்டர் எங்கே, பெரியவரே?”

“தொலைஞ்சு போச்சு.”

“மூக்குல குழாய் இருக்கே?”

“அது பழக்கதோஷம்.”

குழாய் கம்பளிக்கு அடியில் போய் எதையோ தொட்டுக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் நல்ல மனுஷன். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் போனவர்தான். ‘காணவில்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக் காற்று இருந்தது. திருகைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்தால் ஒரு வாரத்துக்கு இழுக்கலாம்.

பக்கத்து வீட்டு ஃபௌஸ்தோ அப்படி இல்லை. அவர் தொழிலாளர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். சட்டம், முத்திரை, கையெழுத்து என்றால் எழுந்து நிற்கிறவர். அவர் மனைவி எங்கார்னாதான் அவருக்காக ஊதினாள். சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கிறவள். தொண்ணூற்றாறு வந்தது. “ஆபீஸ் சொல்லுதுன்னா ஏதோ யோசிச்சுத்தான் சொல்லும்” என்று சொல்லி ஃபௌஸ்தோ சிலிண்டரைத் துடைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார்.

சபினோ அனாக்லேத்தோவின் கைப்பேசியில் அலுவலகத்தைக் கூப்பிட்டார். ரொலாந்தோ எடுத்தான். கல்லூரிப் பட்டம் வாங்கியவனை இந்த ஊரில் ‘லிசென்சியாதோ’ என்று அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் கோப்பு அடுக்கின் அடிக்குப் போய்விடும்.

“லிசென்சியாதோ, நான் சபினோ கோல்கே பேசறேன். எனக்கு மூச்சு...”

“மன்னிக்கணும், நோயாளி நேரடியா பேசக்கூடாது. பிரதிநிதி பேசணும்.”

சபினோ கைப்பேசியை ஜன்னல் வழியாக நீட்டினார். அனாக்லேத்தோ துடைத்துவிட்டு வாங்கினான்.

“நான் சபினோ கோல்கே.”

“ஆஹா, தோன் சபினோ! குரல் எவ்வளவு கணீர்னு இருக்கு! போன வருஷம் நாலு வார்த்தை பேசவே திணறுனீங்க.”

“லிசென்சியாதோ, எனக்கு இன்னும் மூச்சு வாங்குது.”

“வாங்கற மாதிரி தெரியலையே.”

“எனக்கு இல்லை, எனக்கு! அதாவது அவருக்கு!”

“எவருக்கு?”

அனாக்லேத்தோ உதவி கேட்டு ஜன்னலைப் பார்த்தான். சபினோ கோகா இலையைத் துப்பினார்.

“மேல்முறையீடு பண்ணலாமான்னு கேளு.”

“தாராளமா பண்ணலாம்,” என்றது கைப்பேசி. “குணமானதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி இருக்கு. மறுபடி வந்து ஊதணும், அவ்வளவுதான்.”

“யாரு வந்து?”

“பிரதிநிதிதான். ஆனா இந்தத் தடவை இன்னும் நல்ல மருத்துவச் சான்று வேணும்.”

புதன்கிழமை பகலில் ஃபௌஸ்தோ இறந்துபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு நாளாக ஓயாமல் கேட்ட சத்தம் சாப்பாட்டு நேரத்தில் நின்றது. வியாழக்கிழமை நான்கு பேரோடு அடக்கம்; நான்குக்கு மேல் அனுமதி இல்லை. சபினோ ஜன்னலில் நின்று தொப்பியைக் கழற்றினார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதற்கே கட்டிலுக்குத் திரும்பி வர இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. இறப்பைப் பதிவு செய்ய எங்கார்னா போனாள். அந்த வரிசையில் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்னொரு கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை அலுவலக முற்றத்தில் ‘குணமடைந்தோர் விழா’ நடக்கும்; தலைநகரிலிருந்து இயக்குநர் டாக்டர் வல்திவியேசோ நேரில் வந்து நாற்பத்து மூன்று பேருக்கும் பதக்கம் அணிவிப்பார்; குணமடைந்தவர்கள் வயது காரணமாக வெளியே வரக்கூடாது என்பதால் பிரதிநிதிகள் வந்து பதக்கம் வாங்கிக்கொள்ள வேண்டும்; குணமடைந்தோர் சார்பில் நன்றியுரை சொல்லப்போவது, அதிக மூச்சு பெற்றவர் என்ற முறையில், திரு. சபினோ கோல்கே.

“நான் என்ன பேசறது கொம்பாத்ரே?” என்று கேட்டான் அனாக்லேத்தோ. அந்த வாரம் அவன் மூன்று கிலோ இளைத்திருந்தான். ஃபௌஸ்தோ போனதிலிருந்து டியூபாவை உறையைவிட்டு எடுக்கவில்லை.

சபினோவின் சிலிண்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று பேசினார்.

“நீ அங்க... நானாத்தானே நிக்கப்போறே?”

“ஆமா. சுற்றறிக்கை பதினாலு.”

“அப்ப நான் அங்க நின்னா... என்ன பண்ணுவேனோ... அதைப் பண்ணு.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார் சபினோ. இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம், முடிவில் கதவுக் கீல் மாதிரி ஒரு கீச்சு. மறுபடி இரண்டு சின்னது, ஒரு நீளம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. அனாக்லேத்தோ தலையைச் சாய்த்து, ஒத்திகையில் புது மெட்டைக் கேட்கிறவன் மாதிரி, விரலால் தொடையில் தாளம் போட்டான்.

“புரிஞ்சுது,” என்றான்.

சனிக்கிழமை சபினோ ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டார். சுரங்கத் தொழிலாளர் வானொலி விழாவை நேரடியாக ஒலிபரப்பியது. மேட்டுத் தெரு முழுக்க ஜன்னல்களில் அதே குரல்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “அன்பார்ந்த குணமடைந்தோரே! உங்களை நேரில் பார்க்கும்போது என் உள்ளம் நிறைகிறது. எத்தனை வாட்டசாட்டமான உடல்கள்! எத்தனை இளமை! முப்பது ஆண்டுகளாக மருத்துவத்தால் முடியாததை மூன்றே வாரத்தில் நிர்வாகத்தால் முடித்துக் காட்டியிருக்கிறோம். சுரங்க நோய்க்கு மருந்து இல்லை என்றார்கள். மருந்தை யார் கேட்டது? நமக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல படிவம்! உலகமே ஆக்ஸிஜனுக்குத் தவிக்கும்போது, நாற்பத்து மூன்று சிலிண்டர்களை மிச்சம் பிடித்துத் தலைநகருக்கு அனுப்பிய பெருமை இந்தச் சிற்றூருக்கு உண்டு. அதில் இரண்டு என் அலுவலக அறையிலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று, பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன.”

கைதட்டல் கேட்டது. அப்புறம் ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். ஃபௌஸ்தோ பெயர் வந்தபோது ரேடியோவில் இயக்குநரின் அன்பான குரல்: “அம்மா, கறுப்பு உடை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது. கணவர் எப்படி இருக்கிறார்?”

“நல்லா இருக்கார் ஐயா,” என்றது எங்கார்னாவின் குரல். “புதன்கிழமையிலேருந்து மூச்சே வாங்கறதில்லை.”

“கேட்டீர்களா! மூச்சே வாங்குவதில்லையாம்!” மறுபடி கைதட்டல்.

“இப்போது நன்றியுரை. திரு. சபினோ கோல்கே!”

சபினோ தன் பெயரைக் கேட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேடியோவில் காலடிச் சத்தம். ஒலிவாங்கியில் மூச்சு ஒன்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. டியூபாக்காரன் இழுக்கிற மூச்சு அது. முற்றத்துக் காற்றில் பாதி உள்ளே போயிருக்கும்.

இரண்டு சின்னது. ஒரு நீளம். கடைசியில் கதவுக் கீல்.

சபினோவுக்கு ஒரு கணம் யார் இருமினார்கள் என்றே தெரியவில்லை. தொண்டையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். ரேடியோவில் மறுபடி அதே இருமல். இப்போது இன்னும் ஓங்கி, நூற்றுப் பதினெட்டு நுரையீரலில் முப்பத்தொன்றின் இருமல். நாற்காலி ஒன்று விழுந்தது. “என்ன இது? என்ன இது?” என்றது இயக்குநரின் குரல், ஒலிவாங்கியிலிருந்து வேகமாக விலகிப் போய்க்கொண்டே.

அப்போது இரண்டாவது இருமல் தொடங்கியது. அது தெருவின் மேல்கோடியில் இருக்கும் கொல்லனுடையது. அவன் மகள் இருமினாள். மூன்றாவது, நான்காவது. மேட்டுத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கணவன் கல்யாணத்தன்று என்ன சட்டை போட்டிருந்தான் என்பது மறந்திருக்கும். அவன் இருமல் மறக்காது. இருபது வருஷம் அதன் பக்கத்தில் படுத்தவள். ஒருவர்கூடத் தப்பாக இருமவில்லை. ஜன்னல் ஜன்னலாகக் கிழவர்கள் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, “அது நான்! அது நான்!” என்று கூவ முயன்று, அதனாலேயே இருமினார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் ஒன்று தனியாகக் கேட்டது. அவசரமில்லாமல், ஒவ்வொரு இருமலுக்கும் பின்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சின்ன முனகல். சபினோ சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஃபௌஸ்தோ அப்படித்தான் இருமுவார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

முற்றத்தில் என்ன நடந்தது என்பதையும் ரேடியோ விடாமல் சொன்னது, ஒலிவாங்கியை அணைக்க யாருக்கும் தோன்றாததால். ரொலாந்தோவின் குரல் நடுங்கியது. ஆனாலும் விதி தெரிந்தவனின் குரல்.

“ஐயா, சுற்றறிக்கை ஒன்பதின்படி, நல்ல நுரையீரல் உள்ளவங்க இருமினா அது கொரோனா. பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் பதினாலு நாள் பள்ளிக்கூடத்துல இருக்கணும். நீங்க ஒவ்வொருத்தர் கழுத்துலயும் பதக்கம் மாட்டியிருக்கீங்க. உங்களுக்குத்தான் முதல் படுக்கை.”

“நான் இயக்குநர்!”

“விதியில விதிவிலக்கு இல்லையே ஐயா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க.”

“வேறு வழி இல்லையா? யோசி! நீ படித்தவன்தானே?”

காகிதம் புரளும் சத்தம். “ஒரு வழி இருக்கு. சுற்றறிக்கை பதினாலு, நாலாவது பிரிவு. பிரதிநிதி செய்யிறது நோயாளி செஞ்சதா ஆகும். அப்படிப் பாத்தா இது இவங்க இருமலே இல்லை. நோயாளிகளோட இருமல், பழைய இருமல். தொத்தாது. ஆனா அப்ப அவங்க குணமாகலைன்னு ஆயிடும். சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கணும்.”

இயக்குநர் எந்த முடிவையும் இரண்டு மாதத்துக்குள் எடுத்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு நாற்பத்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் அடுத்த மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

“பழைய இருமல்!” என்று கத்தினார் அவர். கார் கதவு மூடும் சத்தமும் கூடவே கேட்டது. “முப்பது வருஷத்து இருமல்! என்ன அருமையான பழைய இருமல்! எழுதிக்கொள்! சிலிண்டர் கொடு! என் அறையில் இருப்பதையும் கொடு!”

வண்டி அன்று சாயங்காலமே வந்தது. நல்ல மனுஷரான அந்த வண்டிக்காரர் சபினோ வீட்டில் முதலில் இறக்கினார். திருகை முழுதாகத் திறந்ததும் சபினோ ஒரு மணி நேரம் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு அனாக்லேத்தோவிடம் சொன்னது ஒன்றுதான்: “கீச்சை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.”

வண்டியில் நாற்பத்து மூன்று சிலிண்டர்கள் இருந்தன. எங்கார்னா வாசலில் வந்து நின்றாள். ஃபௌஸ்தோ இல்லை என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் தெருவில் யாருக்கு மிக மோசமாக இருந்ததோ அவர் வீட்டுக்கு அதை உருட்டிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வேறு வீடு. மூன்று வாரம் கழித்து இறப்புப் பதிவு வரிசையில் அவள் முறை வந்தது. அவள் போகவில்லை.

அலுவலகம் பாடம் கற்றுக்கொண்டது. பெட்டியையும் குழாயையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சுற்றறிக்கை எண் இருபத்திரண்டை வெளியிட்டது: இனிமேல் பிரதிநிதிகள் காலாண்டுக்கு ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே நின்று நோயாளியின் இருமலை இருமிக் காட்ட வேண்டும், எழுத்தர் கேட்டுக் குறித்துக்கொள்வார்.

முதல் காலாண்டில் வரிசையில் எங்கார்னாவுக்குப் பின்னால் நின்ற அனாக்லேத்தோ அன்று மாலை நேராக சபினோவிடம் வந்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

“அந்தம்மா ஜன்னலுக்கு முன்னால நின்னு, சால்வையைச் சரி பண்ணிக்கிட்டு, கண்ணை மூடிட்டு இருமுனாங்க. அச்சு அசல் அவரேதான், அந்த முனகல்கூட. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ரொலாந்தோ கண்ணாடியை மூக்கு மேல ஏத்திட்டு, விழா நாள் பதிவோட ஒப்பிட்டு, எழுதுனான்.”

“என்னன்னு எழுதுனான்?”

“‘மாற்றம் இல்லை. நோயாளி நிலையாக இருக்கிறார்.’ முத்திரை குத்திட்டு, அந்தம்மாகிட்டச் சொன்னான், ‘நல்லா கவனிச்சுக்கிறீங்கம்மா. இப்படியே பாத்துக்கிட்டா அவர் ரொம்ப வருஷம் இருப்பார்.’”

“அவ என்ன சொன்னா?”

“‘உங்க புண்ணியம், லிசென்சியாதோ’ன்னாங்க.”